நாலு விரல்

ரயருக்கும் மட்காட்டுக்கும் நடுவே
முன்னால் நாலு விரல் போகிறது,
பின்னால் மூன்றரை.
என் விரல் மெல்லியது.
பிரதாபனின் விரலில் இதுவே மூன்று.
ஆகவே எங்கள் முதற் சண்டை
ஸ்பிரிங்கைப் பற்றியதல்ல, விரலைப் பற்றியது.

பண்ணைப் பாலத்தில் விடிய ஆறரைக்கு
வாடைக் காற்று விலாவில் இடிக்க
லான்சரின் கூடு ஒரு பக்கம் சாய்ந்து
யோசித்து
மறு பக்கம் சாயும்.
மண்டைதீவுச் சந்தி வளைவில்
நான் திரும்பி முடித்த பிறகுதான்
கார் திரும்ப வரும்,
மணி அடித்த பிறகு வகுப்புக்கு வரும் பிள்ளை மாதிரி.

புத்தளத்திலிருந்து குரற்செய்தி:
"நாப்பத்தஞ்சு மில்லிமீற்றர் இறக்குவம். சிவப்பு.
பஞ்சிகாவத்தையில ஒரு செற் கிடக்காம்."
பதினைந்து நாளுக்கொருக்கால் பஸ்ஸில் வந்து
மாங்குளம் மட்டும் சும்மா ஓடிப்போய்
சும்மா திரும்பி வருபவன்.
அவனுடைய கார் நேர்ரோட்டில் ஓடுகிற கார்.
என்னுடையது
ஒழுங்கை வாய்க்காலின் மேல் கிடக்கும்
மூலை எழும்பிய சிலாப்பையும்
கொக்குவில் தண்டவாளத்தையும்
ஊர்காவற்றுறை ஆஸ்பத்திரி வாசல் மேட்டையும்
கிழமைக்கு ஆறு நாள் ஏறி இறங்குகிறது.

டிக்கியில் இரண்டு மூட்டை அரிசி வைத்து
தாழ்த்தி ஓட்டிப் பார்த்தேன்.
குருநகர் றெஜினோல்ட் கராஜில் அதைக் கண்டு சிரித்தார்.
"பாரத்தில பதியிறது வேற, தங்கச்சி.
அது களைப்பு.
இறங்கினதோட இறுகவும் வேணும்."
வெட்டித் தரட்டோ என்றும் கேட்டார்,
கிரைண்டரால் ஒன்றரைச் சுற்று, பத்தே நிமிஷம்.
நான் வாய் திறக்கமுன் தானே மறுத்தார்:
"பள்ளத்தில சில்லுத் தொங்கேக்க
வெட்டின ஸ்பிரிங் இருக்கையை விட்டுக் கழண்டிடும்.
அதை நான் செய்யமாட்டன்."

ஆய்வுகூடத்தில் எனக்குத் தெரிந்த வேலை ஒன்றுதான்:
கண்ணாடிக் குழாயில் வளைந்து நிற்கும் நீரில்
வளைவின் அடியை வாசிப்பது.
மாரி பிஸ்கட் பெட்டியின் மட்டையை நீளமாய்க் கிழித்து
காரின் மிகத் தாழ்ந்த இரும்பில் கட்டினேன்,
நாற்பத்தைந்து கீழே தொங்க.
முப்பதில் சிவப்புப் பேனையால் ஒரு கோடு.
பிறகு வழக்கம்போல் வேலைக்குப் போனேன்.
ஒவ்வொரு மேடும் தாண்டி
இறங்கி, குனிந்து, பார்த்து.
பின்னால் வந்த மீன் வான்காரன்
ஏதோ விழுந்துவிட்டதென்று தானும் தேடினான்.

சிலாப் மட்டையைக் கிழித்திருந்தது,
கோட்டுக்கு ஒரு நூல் கீழே வரை.
தண்டவாளம் கறுப்பாய்த் தேய்த்திருந்தது.
ஆஸ்பத்திரி மேடு மடித்து மட்டும் விட்டது.
கோட்டுக்கு மேலே
தூசி தவிர ஒன்றுமில்லை.

முப்பது. கறுப்பு.
மேற்சுற்றுகள் நெருங்கி, கீழ்ச்சுற்றுகள் விலகி,
சிறு குழிக்கு மெத்தென்று
பெரிய சாய்வுக்கு முறைத்து நிற்பது.
சீட்டுக் காசில் நாலு ஷொக்கும் சேர்த்தேன்;
பழைய ஷொக்கில் புது ஸ்பிரிங் துள்ளும் என்றார் றெஜினோல்ட்.
சில்லுகளின் சாய்வை நேராக்க
இன்னுமொரு பின்னேரம் போயிற்று.

மறுநாள் மண்டைதீவு வளைவில்
நான் திரும்பினேன்.
கார் அங்கே ஏற்கெனவே இருந்தது.
காற்று இடித்தது.
கடலில் கொக்குகள் அப்படியே நின்றன.
இருக்கையில் என் முதுகு
இத்தனை நாளும் எதையோ பிடித்துக்கொண்டிருந்ததை
அப்போதுதான் விட்டது.

வெள்ளி இரவு பிரதாபன் வந்ததும்
பை இறக்காமலே விரலை வைத்தான்.
"இரண்டு."
என் விரலில் மூன்று என்றேன்.
அவன் ஒழுங்கையைத் திரும்பிப் பார்த்தான்.
அந்தக் கிழமைதான் பிரதேச சபைக்காரர் வந்து
பத்து வருசமாய் எழும்பி நின்ற சிலாப்பை
உடைத்து மட்டமாய்ப் போட்டிருந்தார்கள்.
"இப்ப நாப்பத்தஞ்சு போகுமே!"

தண்டவாளத்தை
இன்னும் ஒருவரும் இறக்கவில்லை என்றேன்.